போர்ச்சுகலின் பெல்மோந்தே ஊரில் யூதர்கள் உண்மையிலேயே ஒளிந்துதான் வாழ்ந்தார்களா?

கேள்வி: கல்வெட்டு வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற இலையுதிர் காலத்தில் செர்ரா த எஸ்த்ரெலா மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள பெல்மோந்தே என்னும் சிற்றூரில் ஒரு பகல் பொழுதைக் கழித்தேன். செசெரே ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல் அமைந்த ஊர் அது. வீடு, வீதி, வேலிச்சுவர் என அனைத்தும் கருங்கல்தான். கோட்டையின் சுவரில் உயரத்தில் ஒரு சன்னல் இருக்கிறது. மானுவேல் மன்னர் காலத்துப் பாணியில் அத்தனை அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே சென்று பார்த்தால் அதன் பின்னால் அறையும் இல்லை, கூரையும் இல்லை, வானம்தான் தெரிகிறது. ஜன்னல் என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது என்பது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது.

நான் போனது சனிக்கிழமை. யூதத் தொழுகைக்கூடம் அன்று பார்வையாளருக்குத் திறக்கப்படாது என்பதை முன்பே யோசிக்கத் தவறிவிட்டேன். ஆகவே பழைய யூதத் தெருவில் மட்டும் நடந்தேன். ஒரு தளம் மட்டுமே கொண்ட தாழ்வான வீடுகள்; நான் குனிந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்கு வாசல்கள். ஒரு வாசற்கல்லில் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை வெட்டப்பட்டிருந்தது. தடவிப் பார்த்தபோது பள்ளத்தின் ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது.

என் ஐயம் இதுதான். இவ்வூர் யூதர்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தங்கள் சமயத்தை மறைத்து வைத்திருந்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. சில நிமிடங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடக்கூடிய ஊரில், அடுத்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும் ஊரில், இத்தனை தலைமுறைகள் இதை மறைப்பது எப்படி இயலும்? பிரேசிலைக் கண்ட கப்ரால் பிறந்ததும் இதே ஊரில்தான் என்பதால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இந்த இரண்டு வரலாறுகளுக்கும் இடையே ஏதேனும் தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவையா?

மறுமொழி 1: மலையடிவாரம்

ஐயா, உங்கள் ஐயம் மிகச் சரியானது. அண்டை வீட்டாரிடமிருந்து மறைத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் இந்த வரலாறு நம்ப முடியாததாகிவிடும். எதை மறைத்தார்கள், யாரிடமிருந்து மறைத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

இவ்வூரில் யூதர்கள் இருந்தது மிகப் பழைய செய்தி. 1297ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்வெட்டு ஒன்று பெல்மோந்தேயில் கிடைத்திருக்கிறது. அது இங்கிருந்த தொழுகைக்கூடத்துக்குரியது என்று கருதுகிறார்கள். இறைவன் தம் தூய ஆலயத்தில் இருக்கிறார், உலகமெல்லாம் அவர்முன் மௌனமாயிருக்கட்டும் என்னும் ஆபகூக்கு நூலின் வாசகம் அதில் வெட்டப்பட்டுள்ளது. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியபோது எல்லையைத் தாண்டிப் போர்ச்சுகலுக்கு வந்தவர்கள் மிகப் பலர். பெல்மோந்தே அடங்கிய பெய்ரா பகுதி அந்த எல்லைக்கு அருகில் இருப்பதால் இங்குள்ள ஊர்களில் யூதர் தொகை அப்போது கூடியது.

1496 டிசம்பரில் மன்னர் முதலாம் மானுவேல் வெளியேற்ற ஆணையைப் பிறப்பித்தார். ஸ்பானிய அரசக் குடும்பத்தில் பெண் எடுப்பதற்கு அவர்கள் விதித்த நிபந்தனை அது. ஆனால் யூதர்களின் வணிகத் திறனையும் கைத்தொழிலையும் இழக்க அவருக்கு மனமில்லை. ஆகவே ஆணை வெளியேற்றமாகத் தொடங்கி, யூதர்களைக் கிறித்தவராக்கும் கட்டாயத் திருமுழுக்கில் முடிந்தது. 1497இல் முதலில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கித் திருமுழுக்குக் கொடுத்தார்கள். கப்பலேற லிஸ்பனில் வந்து கூடியவர்களில் பெரும்பாலோருக்கும் அதையே செய்தார்கள். ஒரே ஆண்டில் போர்ச்சுகலில் யூதர் என்று எவரும் இல்லை, ‘புதிய கிறித்தவர்’ மட்டுமே உண்டு என்றாயிற்று. இவர்களில் மறைவாக யூத சமயத்தைப் பின்பற்றுவோரைத் தேடித் தண்டிக்கும் புனித விசாரணை மன்றம் 1536இல் நிறுவப்பட்டது. 1821இல்தான் அது ஒழிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1917இல் சாமுவேல் ஸ்வார்ஸ் என்னும் போலந்து நாட்டுச் சுரங்கப் பொறியாளர் வெள்ளீயச் சுரங்க வேலையாகப் பெல்மோந்தே வந்தார். அவரும் யூதர், ஆனால் அது ஊராருக்குத் தெரியாது. உள்ளூர் வணிகர் ஒருவர், தம் போட்டியாளரிடம் சரக்கு வாங்க வேண்டாம் என்று அவரை எச்சரித்தார். அதற்கு அவர் சொன்ன ஒரே காரணம், அந்த மனிதர் யூதர் என்பதுதான். நான்கு நூற்றாண்டுகளாகப் போர்ச்சுகலில் யூதரே இல்லை என்று நம்பியிருந்த ஸ்வார்ஸ், அந்தப் போட்டியாளரையே தேடிப் போனார். அவர் ‘கண்டுபிடித்த’ யூதர்களை ஊருக்குள் எல்லோரும் முன்பே அறிந்திருந்தார்கள் என்பதை இந்த நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. யார் யூதர் என்பது இரகசியமாக இருந்ததில்லை. அவர்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்கள், என்ன சொல்லி வேண்டினார்கள் என்பதே இரகசியமாக இருந்தது. கோவிலில் திருமுழுக்கு, கோவிலில் திருமணம், ஞாயிறுதோறும் பூசை என வெளிக்கடமைகளைச் செய்து வந்தவரை ஊரார் அதற்கு மேல் துருவவில்லை.

மறுமொழி 2: திரிவிளக்கு

மலையடிவாரம் ஐயா எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஊரார் துருவவில்லை என்ற கடைசி வரியை ஏற்க முடியவில்லை. அது இருபதாம் நூற்றாண்டுப் பெல்மோந்தேக்குப் பொருந்தலாம். அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பொருந்தாது. விசாரணை மன்றம் இயங்கியதே அண்டை வீட்டாரும் வேலையாட்களும் உறவினரும் கொடுத்த துப்பின் மேல்தான். சனிக்கிழமை புகைபோக்கியில் புகை வரவில்லை, வெள்ளிக்கிழமை துணி மாற்றினார்கள், பன்றி இறைச்சியை ஒதுக்கினார்கள் என்பன போன்ற சின்னஞ்சிறு செய்திகள் வழக்காக மாறின. தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்லப்படுவதில்லை. சொத்து பறிமுதலாகும், விடுதலை பெற்றாலும் அவமான அங்கியோடு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது என்பதே அந்நாளில் பேராபத்து. அந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை உணர்ந்தால்தான், மன்றம் ஒழிந்து நூறாண்டு கடந்த பின்பும் அவர்கள் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டினார்கள் என்பது புரியும்.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. தொழுகைக்கூடம் போயிற்று. நூல்கள் போயின. எபிரேயம் போயிற்று. விருத்தசேதனம் உடலில் அடையாளத்தை விட்டுவிடும் என்பதால் அதையும் கைவிட்டார்கள். எண்ணிப் பாருங்கள், இவை அனைத்தும் ஆண்கள் பொறுப்பில் இருந்தவை. எஞ்சியது அடுப்படியும் நினைவாற்றலும். அவை பெண்களிடம் இருந்தன. ஆகவே பெல்மோந்தேயில் யூத சமயம் தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாக வந்தது. வேண்டுதல்களை நடத்தியவர்களும் மூத்த பெண்களே. பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்து, வாயைக் கட்டிக் காக்கும் வயது வந்த பிறகே உண்மையைச் சொல்லுவார்களாம்.

வெள்ளிக்கிழமை விளக்கை எடுத்துக்கொள்வோம். புதிய நார்த்துணியைப் பிரித்து, வேண்டுதல் சொல்லிக்கொண்டே திரி முறுக்குவார்கள். அதை ஒலிவ எண்ணெயில் இட்டுப் பொழுது சாயுமுன் ஏற்றி, வெளிச்சம் தெருவுக்குத் தெரியாதபடி மண்பானைக்குள்ளோ அலமாரிக்குள்ளோ வைத்துவிடுவார்கள். அணைக்க மாட்டார்கள், எண்ணெய் தீர்ந்து தானாக அணையும். வீட்டில் ஒளி பரவ வேண்டும் என்பதற்கான விளக்கு, ஒளி வெளியே கசியாமல் எரிய வேண்டியதாயிற்று.

பாவநிவாரண நாளான யோம் கிப்பூரை அவர்கள் ‘தூய நாள்’ என்றே அழைத்தார்கள். உரிய நாளில் ஒற்றர் கண் இருக்கும் என்பதால் நோன்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பாஸ்காப் பண்டிகையின் புளிப்பில்லா அப்பத்தையும் தொடக்க நாட்களில் சுடுவதில்லை. அந்த நாட்களில் அப்பமே உண்ணாமல் இருந்துவிட்டு, பிறகு வெள்ளை உடுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு சுட்டார்கள். ஆற்றங்கரைக்குச் சென்று ஒலிவக் கிளைகளால் நீரை அடித்து, செங்கடல் பிளந்ததை நினைவுகூரும் வழக்கமும் இருந்தது. பாரசீக அரசவையில் தன் இனத்தைச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்த எஸ்தர் அரசியை அவர்கள் ‘புனித எஸ்தர்’ என்று போற்றி நோன்பு இருந்ததில் வியப்பே இல்லை. ஞாயிறு பூசைக்குப் போகும்போது, மரத்தையும் கல்லையும் நான் வணங்கவில்லை, இஸ்ரவேலின் இறைவனையே வணங்குகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் கோவில் வாசற்படியை மிதித்தார்கள்.

ஸ்வார்ஸ் தம்மை யூதர் என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. அவர்கள் அறிந்த வேண்டுதல் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவர் அறிந்த எபிரேயம் அவர்களுக்குத் தெரியவில்லை. யூதர் எல்லோரும் தங்களைப் போலவே மறைவில்தான் வாழ்கிறார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, வெளிப்படையாக வாழும் யூதர் என்பதே விளங்காத செய்தி. முதிய பெண்மணி ஒருவர், உங்கள் மொழியில் ஒரு வேண்டுதலாவது சொல்லுங்கள் என்று கேட்டார். ஸ்வார்ஸ் யூதரின் தலையாய வேண்டுதலான ‘ஷெமா’வை எபிரேயத்தில் சொன்னார். அதில் இறைவனைக் குறிக்கும் ‘அதோனாய்’ என்ற சொல் வந்ததும் அங்கிருந்த பெண்கள் கையால் கண்களை மூடிக்கொண்டார்கள். அந்த ஒரு சொல் மட்டுமே நானூறு ஆண்டுகளைக் கடந்து அவர்களிடம் எபிரேயத்தில் எஞ்சியிருந்தது. இவர் யூதர்தான், அதோனாயின் பெயரை அறிந்திருக்கிறார் என்று அந்த முதியவர் சொன்ன பிறகே கதவு திறந்தது. அவர்களுடைய வேண்டுதல்களைத் திரட்டி 1925இல் ஸ்வார்ஸ் நூலாக வெளியிட்டார்.

மறுமொழி 3: மேலைக்கடல்

கப்ராலைப் பற்றிய கேள்விக்கு நான் விடை எழுதுகிறேன். இரண்டு வரலாறுகளும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவை அல்ல என்பதே என் கருத்து.

கப்ரால் குடும்பம் பெல்மோந்தே கோட்டையின் பரம்பரைக் காவலர் குடும்பம். நீங்கள் பார்த்த சன்னல் அவர்கள் கோட்டையை மாளிகையாக மாற்றிக்கொண்ட காலத்தின் மிச்சம். ‘காப்ரா’ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் வெள்ளாடு. ஆகவே அவர்களுடைய குலச்சின்னத்தில் இரண்டு வெள்ளாடுகள் இருக்கும். கோட்டையிலும், சந்தியாகோ கோவிலை ஒட்டிய அவர்களின் கல்லறை மண்டபத்திலும் அதைப் பார்க்கலாம். பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ரால் 1467 அல்லது 1468இல் பிறந்தவர். சிறுவனாகவே அரசவைக்குப் போய்விட்டார்.

1500 மார்ச் 9 அன்று 13 கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து அவரை அனுப்பியவர் யார்? யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றிய அதே முதலாம் மானுவேல். அதற்கு ஓராண்டுக்கு முன், 1499 ஏப்ரலில், புதிய கிறித்தவர்கள் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று அந்த மன்னர் தடை விதித்திருந்தார். பெல்மோந்தேயின் மேட்டுக் கோட்டையில் பிறந்தவருக்குக் கடலெல்லாம் திறந்து கிடந்த ஆண்டில், அதே ஊரின் தாழ்வான வாசல்களுக்குள் இருந்தவர்களுக்குத் துறைமுகம் அடைபட்டிருந்தது. இரண்டும் ஒரே அரசனின் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை: ஒரு நாடு, ஒரு சமயம், அதைக் கடல்கடந்து பரப்பும் அரசு. உங்கள் கேள்விக்கு நான் காணும் தொடர்பு இதுதான்.

கப்பற்படையிலேயே இன்னொரு தொடர்பும் இருந்தது. மொழிபெயர்ப்பாளராகச் சென்ற கஸ்பார் த காமா யூதராகப் பிறந்தவர். 1498இல் நம் மேற்குக் கரையின் அஞ்சதீவில் வாஸ்கோ த காமாவிடம் பிடிபட்டுத் திருமுழுக்குப் பெற்று, அவர் பெயரையே ஏற்றவர்.

ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரை தெரிந்தது; 26 அன்று அங்கே முதல் பூசை நடந்தது. கப்பலில் கொண்டு சென்றதாக மரபு கூறும் நம்பிக்கை அன்னையின் கற்சிலை இன்று பெல்மோந்தேயின் பங்குக் கோவிலில் இருக்கிறது. ஏப்ரல் 26 ஊரின் விடுமுறை நாள். ஆனால் அந்தப் பயணத்தின் இலக்கு பிரேசில் அல்ல, கோழிக்கோடு. நமக்கு அது முக்கியம். செப்டம்பர் 13 அன்று கப்ரால் அங்கே வந்து சேர்ந்தார். டிசம்பரில் போர்த்துக்கீசியரின் பண்டகசாலை தாக்கப்பட்டு அவர்களில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பதிலுக்குக் கப்ரால் துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல்களைப் பிடித்து, அவற்றில் இருந்தவர்களைக் கொன்று, நகரத்தின்மேல் பீரங்கியால் சுட்டுவிட்டுக் கொச்சிக்குப் போனார். பெல்மோந்தேயில் பிரேசில் பேசப்படும் அளவுக்குக் கோழிக்கோடு பேசப்படுவதில்லை. அந்த ஊரை நான் மனமார விரும்புகிறேன். ஆயினும் இந்தப் பாதியும் அங்கே சொல்லப்பட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

1501இல் திரும்பிய பிறகு கப்ராலுக்கு வேறு படைத்தலைமை கிடைக்கவில்லை. சாந்தரெம் நகரக் கோவிலில் உள்ள அவருடைய கல்லறைப் பலகையில் பிரேசிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் மனைவி அரசகுமாரிக்குத் தலைமைப் பணிப்பெண்ணாக இருந்த செய்திதான் இருக்கிறது.

அடுத்த முறை போனால் அருகிலுள்ள கொல்மியால் த தோரே சிற்றூரின் ‘சென்தும் செலாஸ்’ என்னும் உரோமானியக் கட்டடத்தைத் தவறாமல் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கற்களும் சதுரத் திறப்புகளுமாக வெட்டவெளியில் நிற்கிறது. வெள்ளீய வணிகர் ஒருவரின் மாளிகை அது என்று கருதுகிறார்கள். அந்த வெள்ளீயம்தான் பல நூற்றாண்டுகள் கழித்து ஸ்வார்ஸையும் இங்கே அழைத்து வந்தது.

கேட்டவரின் மறுமொழி: கல்வெட்டு வாசகன்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. 1499 தடையைப் பற்றி நான் அறிந்ததே இல்லை. இன்னும் ஒன்று மட்டும். வெளிப்படையாக யூதர்கள் என்று அறிவித்துக்கொண்ட பிறகு அவர்களுடைய பழைய மறைவு வழிபாடு என்னவாயிற்று? அம்மா, நீங்கள் அறிந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 4: திரிவிளக்கு

ஸ்வார்ஸ் நூல் வெளிவந்த உடனே எதுவும் மாறிவிடவில்லை. சர்வாதிகார ஆட்சிக் காலம் முழுவதும் அவர்கள் பழையபடியே இருந்தார்கள். 1974 புரட்சிக்குப் பிறகு நாட்டில் சமயச் சுதந்திரம் உறுதிப்பட்டது. 1989இல் பெல்மோந்தே யூதச் சமூகம் முறைப்படி பதிவு பெற்றது. வெளியேற்ற ஆணையின் 500ஆம் ஆண்டான 1996இல் ‘பெத் எலியாகு’ தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. 2005இல் யூத அருங்காட்சியகமும் வந்தது.

ஆனால் திரும்புதல் எளிதாக நடக்கவில்லை. இஸ்ரேலிலிருந்து வந்த மதகுருமார், பல நூற்றாண்டு இடைவெளியின் காரணமாக இவர்கள் முறைப்படி மதமாற்றச் சடங்கைச் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரு சமயத்தைக் காத்தவர்களிடம், அந்தச் சமயத்துக்குள் புதிதாக வாருங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பலர் ஏற்றுக்கொண்டார்கள். வளர்ந்த ஆண்கள் விருத்தசேதனம் செய்துகொண்டார்கள். ஏற்கெனவே மணமானவர்கள் யூத முறைப்படி மீண்டும் மணம் செய்துகொண்டார்கள். சிலர் விலகி நின்றார்கள். வழிபாடு பெண்கள் கையிலிருந்து மீண்டும் ஆண்கள் கைக்குப் போயிற்று. தொழுகைக்கூடத்தில் எபிரேயத்தில் வேண்டுபவர்கள் ஆண்கள். இத்தனை காலம் வழிநடத்திய பாட்டிமார்களுக்கு அங்கே தனி இருக்கை. இது எனக்கு வருத்தம் தருகிறது. மறைவே அவர்களுக்கு வழிபாட்டின் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது என்பதையும், அதை ஒரே நாளில் கழற்றி வைக்க இயலாது என்பதையும் வெளியிலிருந்து வந்தவர்கள் போதுமான அளவு உணரவில்லை என்றே நினைக்கிறேன். இளையவர்கள் பலர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பெரும்பாலும் சந்தைகளிலும் கடைகளிலும் துணி வணிகம் செய்துவந்த குடும்பங்களில் இப்போது முதியவர்களே மிகுதி.

தொழுகைக்கூடம் கட்டிய பிறகும் மூத்த பெண்கள் சிலர் போர்த்துக்கீசிய மொழியில் இருந்த பழைய வேண்டுதல்களை விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் யாவரும் காணத் தொழுகைக்கூடத்துக்குப் போவார்கள். அதற்கு முன்பே வீட்டில் நார்த்திரி முறுக்கி, விளக்கேற்றி, அலமாரிக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.